திருப்பிப் பாருடா, தம்பி

வா கண்ணு, உக்காரு. நைட் ஷிப்டு முடிஞ்சு தூங்கப் போவாம நேரா என் திண்ணைக்கு வந்துட்டன்னா ரெண்டுல ஒண்ணு இருக்கணும். வாடகைக்குத் தவணை கேக்கணும், இல்ல எங்கியோ ஏமாந்துட்டு, ஏமாறலன்னு என் வாயால சொல்ல வைக்க வந்திருக்கணும். கையில கூரியர் பொட்டலம். கண்ணுல தூக்கம் இல்ல, பெருமை. சரி, ரெண்டும்தான்.

மொதல்ல டீயக் குடி. டம்ளரப் பதனமா பிடி, எங்கம்மா சொத்து அது. அதுக்கு ஒரு கதை இருக்குது, அப்பால சொல்றன்.

பிரி பொட்டலத்த. ஓ, பட்டாளத்து வில்லைங்களா! போன்ல ஒருத்தன் வித்தானா? முன்ன பின்ன பாத்ததில்ல, ஆனா ‘அண்ணா அண்ணா’ன்னு கூப்புட்டானா? அப்பறம் இன்னா, சொந்தக்காரன்தான். சொந்தக்காரன் ஏமாத்தினா அதுக்குப் பேரு ஏமாத்தறதில்ல, மொய்.

எவ்ளோ குடுத்த? 7,000 ரூபாயா! என் லைன் வீட்டுல ரெண்டு மாச வாடகைடா அது. பரவால்ல, பரப்பு அந்தத் துண்டு மேல. ஒரு ஸ்டாரு, ஒரு கிரீடம், மூணு பட்டை போட்ட துணி, ஜரிகையில தைச்ச தோள்பட்டி ஒண்ணு. இது இன்னா, கறுப்பா சின்னதா? கொசுறா? துட்டு வாங்காமப் போட்டுக் குடுத்தானா? சரி, அத அந்த வெத்தலைத் தட்டு ஓரமா வையி. ஓசியில வந்ததுக்கு எதுக்கு நேரம். துட்டு குடுத்து வாங்கினதப் பேசுவோம்.

என்கிட்ட வந்தது நல்லதாப் போச்சு. ஊருல என்னப் பட்டாளத்தாருன்னு கூப்புடறானுங்க. 24 வருஷம் இருந்தன், துப்பாக்கி தூக்கினதவிட கணக்குப் புஸ்தகம் தூக்கினதுதான் ஜாஸ்தி. உடுப்பு ஸ்டோரு. 71 சண்டையில எங்க இருந்தீங்கன்னு கேக்காத, ஸ்டோர்லதான் இருந்தன். வில்லைய எண்ணிக் குடுக்கறதும், கொறஞ்சா எவன் சம்பளத்துல பிடிக்கலாம்னு பாக்கறதும் என் வேலை. கடைசியில மூணு பட்டை, அவில்தாரு. 24 வருஷத்துக்கு மூணே மூணு பட்டை! ஊருக்கு வந்து, இந்த ஒரகடம் ரோட்டுல ஒரு கம்பெனி கேட்டுல காவலுக்குச் சேந்தன் பாரு, அன்னைக்குச் சாயங்காலமே ஏஜென்சிக்காரன் தோள்ல ரெண்டு ஸ்டாரு குத்தி விட்டுட்டான். பட்டாளத்துல அது லெப்டினன்டு. எங்க பழைய கர்னல் பாத்திருந்தா சல்யூட் அடிக்கறதா, சாட்டையில அடிக்கறதான்னு கொழம்பிப் போயிருப்பாரு.

நான் சும்மா இருப்பனா? 2005ல போட்ட தனியார் செக்யூரிட்டி சட்டத்த மெதுவா எடுத்து சூப்பர்வைசர் காதுல ஊதினன். காவக்காரன் பட்டாளம், போலீசு உடுப்பு மாதிரியோ, அதோட அடையாளக் குறி இருக்கற மாதிரியோ போட்டா, போட்டவனுக்கும் ஏஜென்சி மொதலாளிக்கும் ஒரு வருஷம் வரைக்கும் ஜெயிலு, இல்ல 5,000 ரூபா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். மறுநாளே ஸ்டாரு போயி ஏஜென்சி பேரு போட்ட தகடு வந்துடுச்சி. பதவி எறங்கறதுலயும் ஒரு சொகம் இருக்குதுடா.

சரி, உன் சரக்குக்கு வருவோம். ஸ்டாரு. இதுக்கு இன்னா கதை சொன்னான்? புள்ளலூர் சண்டையில செத்த வெள்ளைக்கார கேப்டன் தோள்ல இருந்ததா? அடேங்கப்பா! கதைக்கு மட்டும் கொறை வைக்கல.

புள்ளலூரு நம்ம காஞ்சிபுரத்துப் பக்கம்தான், நெசம். 1780 செப்டம்பர் 10, ஹைதர் அலியும் அவர் புள்ள திப்புவும் கர்னல் பெய்லியோட படைய அங்க சுத்தி வளைச்சு நொறுக்கினாங்க, அதுவும் நெசம். காஞ்சிபுரத்துல இருந்த ஹெக்டர் மன்றோ, தூக்க முடியாத பீரங்கிகளக் கொளத்துல தள்ளிட்டு மெட்ராசுக்கு ஓட்டம் பிடிச்சாரு. தீவுத்திடல் கிட்ட குதிரை மேல உக்காந்திருக்கற மன்றோ வேற ஆளு, அவர இதுல இழுக்காத. எல்லாம் நெசம்தான் தம்பி, உன் ஸ்டாரு ஒண்ணத் தவிர. பொய் சொல்றவன் முக்காவாசி நெசத்தைத்தான் சொல்லுவான். பால்ல தண்ணி ஊத்தறவன் பால் இல்லாமலா ஊத்தறான்?

ஏன்னு கேளு. 1780ல ஆபீசருங்க தோள்ல ஸ்டாரே கெடையாது. ஜரிகைக் குஞ்சம் தொங்கும், இடுப்புல செவப்புக் கச்சை, கழுத்துல பிறை மாதிரி ஒரு தகடு. அத வச்சுத்தான் இவன் தொரைன்னு சிப்பாய் தெரிஞ்சுக்கணும். வெள்ளைக்காரன் பட்டாளத்துல ஸ்டாரும் கிரீடமும் பதவிக்கு அடையாளமா வந்ததே 1810ல, அதுவும் மேஜருக்கும் அதுக்கு மேல இருந்தவங்களுக்கும் மட்டும். கேப்டன், லெப்டினன்டுக்கெல்லாம் 1855ல குடுத்தாங்க, அதுவும் கழுத்துப் பட்டியில. தோளுக்கு வந்தது 1880ல. அப்பக் கேப்டனுக்கு ரெண்டு ஸ்டாரு. மூணு ஆக்கினது 1902ல. அதனால பழைய போட்டோல ரெண்டு ஸ்டாரப் பாத்துட்டு லெப்டினன்டுன்னு பந்தயம் கட்டாத. 1902க்கு முன்ன எடுத்திருந்தா அவரு கேப்டன். உன் புள்ளலூர் கேப்டன் 100 வருஷம் உசிரோட காத்துக் கெடந்திருந்தாத்தான் தோள்ல ஸ்டாரு பாத்திருப்பாரு.

இன்னொண்ணு. முனைய எண்ணு. அஞ்சு. அஞ்சு முனை ஸ்டாரு நம்ம குடியரசு ஸ்டாருடா. 1950 ஜனவரி 26க்கு அப்பால வந்தது. அன்னைக்குத்தான் கிரீடம் எறங்கி அசோகச் சிங்கம் ஏறிச்சி, பழைய ஸ்டாரும் போச்சி. 47ல சுதந்திரம் வந்துடுச்சேன்னு கேப்ப. வந்துச்சி. ஆனா 1949 ஜனவரி 15ல கரியப்பா மொத இந்தியத் தளபதியா ஒக்காந்தப்பக்கூட அவர் தோள்ல இருந்தது ராஜா கிரீடம்தான். கொடி மாறினாலும் குண்டூசி மாற ரெண்டு வருஷம் ஆவும், அதான் சர்க்காரு.

பழைய ஸ்டாரு எப்படி இருக்கும்னு கேட்டுக்க, உதவும். பாத் ஸ்டாருன்னு பேரு, அவங்க ஊரு வீரப் பட்டம் ஒண்ணோட சின்னம். சதுரத்த முனையில நிக்க வச்ச மாதிரி, ஓரமெல்லாம் கதிர் கதிரா இருக்கும். நடுவுல ஒரு சிலுவை, அதுக்கு நடுவுல வட்டம், வட்டத்துக்குள்ள மூணு குட்டிக் கிரீடம். சுத்தி லத்தீன்ல பொடி எழுத்து, ‘ட்ரியா ஜங்டா இன் உனோ’. மூணு ஒண்ணாச் சேந்ததுன்னு அர்த்தம். ராமானுசர் பொறந்த ஸ்ரீபெரும்புதூர்க்காரன்கிட்ட மூணு தத்துவம்னு சொல்லிப் பயமுறுத்த முடியுமா? உனக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா வாடகை, கரண்டு பில்லு, தண்ணிக் காசு. மூணும் ஒண்ணாச் சேந்து 5ஆம் தேதி.

இப்பத் திருப்பு அந்த ஸ்டார. மூஞ்சியப் பாக்காத, முதுகப் பாரு. பொண்ணு பாக்கப் போறவன் கூடத்த மட்டும் பாத்துட்டு வரக்கூடாது, கொல்லைப்பக்கமும் எட்டிப் பாக்கணும். நீ எங்க வேலை பாக்கற? பிரஸ் ஷாப்ல. ஷிப்டுக்கு எத்தினி ஆயிரம் பீஸ் அடிக்கற? டைக்கும் பஞ்சுக்கும் நடுவுல தகடு வச்சு அடிச்சா பின்பக்கம் எப்படி இருக்கும்னு தெரிஞ்சவன் இந்த ரோட்டுல உன்னவிட எவன்டா? முன்பக்கம் மேடு இருந்தா பின்பக்கம் அதே எடத்துல பள்ளம். கோடு கத்தியில கீறின மாதிரி நிக்கும். இத விரலால தடவு. பின்பக்கம் அம்மை போட்ட மூஞ்சி மாதிரி குழி குழியா, சொரசொரன்னு. இது அடிச்சதில்ல, உருக்கி ஊத்தினது. நல்ல பீஸ் ஒண்ண மண்ணுல அமுக்கி அச்செடுத்து ஊத்திருக்கான். ஆறும்போது பித்தளை சுருங்கும், அதனால அசலவிட ஒரு துளி சின்னதா இருக்கும். பாக்கெட்ல வெர்னியர் வச்சுக்கினு சுத்தறியே, அளந்தியா? கம்பெனி பீஸ்ல கால் நூலு கொறைஞ்சா ரிஜெக்டுன்னு செவப்புத் தொட்டியில வீசற. சொந்தத் துட்டுன்னா மட்டும் வெர்னியர் பாக்கெட்லயே தூங்குது.

ஆனா ஒண்ணு, ஊத்தினதெல்லாம் போலின்னும் சொல்லிடாத, அது அரைகுறைப் படிப்பு. ரெண்டாம் உலகச் சண்டையில நம்மப் பட்டாளம் 25 லட்சம் பேருக்கு மேல போயிடுச்சி. அத்தினி தோளுக்கும் பர்மிங்காம்லேருந்து கப்பல்ல வில்லை வந்து சேருமா? கன்டோன்மென்ட் பஜார்ல கன்னானே மண்ணுல அச்செடுத்து ஊத்திக் குடுத்தான். சிப்பாய் அதைத்தான் மாட்டிக்கினு பர்மாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போனான். அதுவும் அசல்தான். எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னா, அதுல தேய்மானம் இருக்கும். தினம் பிராசோ போட்டுத் துணியில தேச்ச தேய்மானம். மேடெல்லாம் மழுங்கி, பள்ளத்துல காஞ்ச பிராசோ வெள்ளையாத் தங்கிக் கெடக்கும். போலி போடறவன் பூட்ஸ் பாலிஷ அப்பி எல்லா எடத்தையும் ஒரே மாதிரி கறுப்பாக்கிடுவான். தேய்மானம் ஒரே மாதிரி வராதுடா, கை படற எடத்துலதான் வரும்.

இப்ப அந்த டம்ளர் கதை. எங்க நைனா அந்தச் சண்டையில மெட்ராஸ் சாப்பர்ஸ்ல இருந்தாரு. பாலம் கட்டற படை. அங்க சிப்பாயக் கூப்புடறதே ‘தம்பி’ன்னுதான், வெள்ளைக்காரத் தொரைகூட அப்படித்தான் கூப்புடுவான். நைனா ஜமேதாரா வெளிய வந்தாரு. இப்ப அந்தப் பேரு கெடையாது, 1965ல நாயப் சுபேதார்னு மாத்திட்டாங்க. ஜமேதாருக்குத் தோளுக்கு ஒரு ஸ்டாரு. சாமி மாடத்துல தகர டப்பால அந்த ரெண்டு ஸ்டாரையும் வச்சிருந்தாரு. அவரு போன மறு வருஷம், நான் பள்ளிக்கூடம் விட்டு வரன், டப்பா காலி. பாத்திரக்காரன் வந்தானாம். ஓட்டை அண்டா ஒண்ணு, பழைய குத்துவெளக்குத் தண்டு, அதோட அந்த ரெண்டு ஸ்டாரும் போட்டு எங்கம்மா எடுத்தது இந்த எவர்சில்வர் டம்ளர். வீட்டுக்கு வந்த மொத எவர்சில்வர். ஊரே வந்து பாத்துட்டுப் போச்சி. அம்மா மேல எனக்குக் கோவமில்ல. ஸ்டார்ல டீ குடிக்க முடியுமா? ஆறிடப் போவுது, குடி.

அடுத்து கிரீடம். ‘ராயல் இந்தியன் ஆர்மி, மேஜர்’னு சீட்டு வேற ஒட்டி அனுப்பிச்சிருக்கான். எழுத்து நல்லா இருக்குது. கிரீடத்தோட மேல் வளைவப் பாரு. நடுவுல பள்ளம் விழுந்திருக்குது பாத்தியா, தலை வச்சு எழுந்த தலகாணி மாதிரி? இது எலிசபெத் ராணி கிரீடம். ஜார்ஜ் ராஜா காலத்துக் கிரீடம் பள்ளம் இல்லாம, பானை மூடி மாதிரி குவிஞ்சு நிக்கும். 1901லேருந்து 50 வருஷத்துக்கு மேல அதான் ஓடிச்சி. அதுக்கு முன்ன விக்டோரியா மகாராணி கிரீடம் இன்னொரு தினுசு, அத அப்பறம் கத்துக்க. எலிசபெத் பட்டத்துக்கு வந்தது 1952. நாம கிரீடத்தையே கழட்டி வச்சது 1950. அப்ப இந்தக் கிரீடம் எந்த இந்திய மேஜர் தோள்ல எப்படி ஏறும்? கல்யாணத்துக்கு முன்னாலயே பேரப்புள்ளைக்குக் காது குத்தின கதையா இல்ல இருக்குது.

அதுக்குன்னு தூக்கி எறியாத. சிலோன் 1972 வரைக்கும் ராணிக்குக் கீழதான் இருந்துச்சி, பாகிஸ்தான் 1956 வரைக்கும். இங்கிலாந்துல கேக்கவே வேணாம். எங்கியோ ஒரு மேஜருக்கு இது சொந்தமா இருந்திருக்கலாம், இந்திய மேஜருக்கு இல்ல. இன்னொரு கூத்து கேளு. 2022ல சார்லஸ் ராஜா வந்து, எனக்கு அந்தப் பழைய குவிஞ்ச கிரீடம்தான் வேணும்னுட்டாரு. இனிமே புதுசா அடிக்கறதும் தாத்தா காலத்துது மாதிரியே வரும். போலி போடறவனுக்கு ராஜாவே ஒத்தாசை பண்றாரு.

துணியில மூணு பட்டை. இது என் பதவி, இதுல எனக்குத் தெரியாம எதுவும் போவாது. ஒரு பட்டை லான்ஸ் நாயக், ரெண்டு நாயக், மூணு அவில்தாரு. நம்ம ஊருல முனை கீழ பாக்கும். அமெரிக்காக்காரன் முனைய மேல வச்சுத் தைப்பான். கையில வச்சுப் பாத்தா எது மேல, எது கீழன்னு கேக்கற பாரு, அதான் புத்தி. தைச்ச தடம், துணி, நெறம் மூணையும் பாத்துத்தான் சொல்லணும். உங்க கம்பெனியில இரும்பு பீஸ்ல வெடிப்பு பாக்க நீல லைட்டு ஒண்ணு வச்சிருக்கான்னு சொன்னியே, ராத்திரி அந்த லைட்டுக்கு அடியில இதக் காட்டு. பழைய பஞ்சு நூலு செத்த மீனு கண்ணு மாதிரி மங்கலாக் கெடக்கும். புது பாலியஸ்டர் நூலுன்னா கோயில் திருவிழா சீரியல் பல்பு மாதிரி பளீர்னு எரியும். இதுலயும் ஒரு வில்லங்கம். அசல் துணிய எவளாவது மகராசி சோப்புத்தூள்ல ஊற வச்சுத் தொவைச்சிருந்தா அதுவும் எரியும். நூல உருவிப் பாரு, துணியோட முதுகப் பாரு. நான் எதச் சொன்னாலும் முதுகுலதான் வந்து நிப்பன்.

ஜரிகைத் தோள்பட்டி. இது யாருதாம்? பீல்டு மார்ஷலா! மானெக்‌ஷா போட்டதா! தம்பி, எழுந்து நில்லு, ஒரு தடவ சல்யூட் அடிச்சுக்கறன். சொன்னவனுக்கு இல்ல, நம்பின உனக்கு. இந்தியப் பட்டாளத்துல பீல்டு மார்ஷல் ஆனது ரெண்டே பேரு. மானெக்‌ஷா 1973, கரியப்பா 1986. மானெக்‌ஷா குன்னூர்ல இருந்து, 2008ல வெலிங்டன் மிலிட்டரி ஆஸ்பத்திரியிலதான் கண்ண மூடினாரு. அவர் தோள்ல இருந்தது உனக்கு 2,500 ரூபாய்க்குக் கூரியர்ல வருது, அதுவும் டெலிவரி இலவசம்! விக்கறவனுக்கு வாய் கூசல, வாங்கறவனுக்குக் கை கூசல.

ஜரிகைய எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேணாம். காஞ்சிபுரத்துல சர்க்காரு ஜரிகை ஆலையே வச்சிருக்குது. நல்ல ஜரிகைன்னா பட்டு நூலு மேல வெள்ளிக் கம்பி சுத்தி, தங்க முலாம் போட்டது. 50 வருஷம் கெடந்தா வெள்ளி கறுக்கும், முகூர்த்தப் பொடவை மடிப்புல கோடு விழும், கெழவிங்களுக்கெல்லாம் தெரியும். உன் தோள்பட்டி நேத்து வாங்கின பிளாஸ்டிக் தோரணம் மாதிரி மினுக்குது. இப்பப் பாகிஸ்தான்ல இருக்கற சியால்கோட்ல ஜரிகை வில்லை தைக்கறது பெரிய தொழிலு, ஒலகத்துக்கே அங்கேருந்து போவுது. அவங்க அத வில்லைன்னுதான் விக்கறாங்க. மானெக்‌ஷான்னு பேரு வைக்கறது நடுவுல இருக்கற நம்ம ‘அண்ணா’.

மெடலுக்கும் வில்லைக்கும் ஒரு வித்தியாசம் தெரிஞ்சுக்க. அந்தக் காலத்துச் சண்டை மெடலு பலதுல, ஓரத்துல ஆளோட நம்பரும் பேரும் வெட்டியிருக்கும். பதவி வில்லையில பேரு கெடையாது. ஸ்டோர்ல வாங்கறான், தேயுது, திருப்பித் தரான், வேற வாங்கறான். நானே எண்ணிக் குடுத்திருக்கன், எது எவன் தோளுக்குப் போச்சின்னு எனக்கே தெரியாது. அதனால எவனாவது வில்லையோட சேத்து ஆளு பேரையும் சொன்னான்னா, பேருக்குத் தனியா ரசீது கேளு. அந்த ஆளோட போட்டோ, சம்பளப் புஸ்தகம், டிஸ்சார்ஜ் காகிதம், ஏதாவது ஒண்ணு கூட வரணும். வராட்டி பித்தளைக்கு என்ன வெலையோ அதத் தா, கதைய இனாமாக் கேட்டுக்க. கதை கேக்க நல்லாத்தான் இருக்கும்.

ஸ்டாரு பாத்ததெல்லாம் பட்டாளம்னும் நெனைக்காத. போலீசு சப் இன்ஸ்பெக்டருக்கும் ரெண்டு ஸ்டாரு, ஆனா கீழ செவப்பும் நீலமும் சேந்த பட்டி ஓடும். நாயப் சுபேதார், சுபேதாருக்கு செவப்பு மஞ்சள் செவப்பு. பட்டி இல்லாம ரெண்டு ஸ்டாருன்னா லெப்டினன்டு. பயர் சர்வீசு, ஜெயிலு, என்.சி.சி., ஏன், என்னை மாதிரி கேட்டுக் காவக்காரன் வரைக்கும் ஸ்டாரு மேய்ஞ்சிருக்குது. கலெக்டர் ஆபீசுல டவாலி மாட்டிக்கினு நிக்கறாரே டபேதாரு, அந்தப் பேரே பழைய குதிரைப்படைப் பதவி, எங்க அவில்தாருக்குச் சமம். குதிரை போச்சி, பேரு கதவுகிட்ட நிக்குது. அந்த டவாலித் தகட்ட ‘மிலிட்டரி அயிட்டம்’னு உன் தலையில கட்ட வருவான், பாத்துக்க. கறுப்பு வில்லையக் கண்டா மட்டமா நெனைக்காத, ரைபிள்ஸ் படைக்காரன் கறுப்புதான் போடுவான். வெள்ளைக்கார ஆபீசரு காக்கி உடுப்புக்கும் பளபளப்பு வேணாம்னு கறுத்த வெண்கல நெறத்துல ஸ்டாரு அடிச்சாங்க. அ… அது சும்மா பேச்சுக்குச் சொன்னன். விடு.

பழசுன்னா தாத்தா காலத்துதுதான்னும் இல்ல. 2023 டிசம்பர் கடைசியில நேவி அட்மிரலுங்க தோள்பட்டிய மாத்திட்டாங்க. வெள்ளைக்காரன் காலத்து நெல்சன் வளையம் போயி, சத்ரபதி சிவாஜி முத்திரையப் பாத்துப் போட்ட எட்டுமூலைச் சின்னம் வந்துடுச்சி. அந்த வருஷம் ஆகஸ்ட் 1லேருந்து பட்டாளத்துல பிரிகேடியரும் அதுக்கு மேல இருக்கறவங்களும் எந்தப் படையா இருந்தாலும் ஒரே மாதிரி உடுப்பு. ராத்திரி தூங்கி எழுந்திரிக்கறதுக்குள்ள ஒரு பொட்டி வில்லை பழசாயிடுச்சி பாரு. உனக்கு உண்மையிலேயே சேக்கற ஆசை இருந்தா இதெல்லாம் இப்பவே எடுத்து வையி. ஆனா உனக்கு அந்த ஆசை இல்ல, எனக்குத் தெரியும். ஒரகடத்துல அடிக்கற அந்த புல்லட்ட எடுத்துக்கினு, தோல் கோட்டுல இதெல்லாம் குத்திக்கினு, ஞாயித்துக்கிழமை ஏலகிரிக்குப் போவணும். அதான?

போ, யாரு வேணாம்னா. அந்த வண்டியே 1950கள்ல பட்டாளம் ஆர்டர் குடுத்து நம்ம நாட்டுக்குள்ள வந்ததுதான், அப்பறம் திருவொற்றியூர்லயே செய்ய ஆரம்பிச்சாங்க. வண்டிக்கு இருக்கற பட்டாளச் சொந்தம் உனக்கு இல்லியேன்னுதான் யோசிக்கறன். பட்டாளத்தான்னு அடுத்தவன் நம்பணும்ங்கற எண்ணத்தோட அந்த உடுப்போ அடையாளமோ போட்டா குத்தம். பழைய பீனல் கோடுல 140ஆவது பிரிவு, மூணு மாசம் வரைக்கும் ஜெயிலு, இல்ல 500 ரூபா அபராதம். இப்பப் புதுச் சட்டத்துல 168. ஜெயிலு அதே மூணு மாசம், அபராதம் 2,000. வெலவாசி ஏறிடுச்சில்ல. பொட்டியில வச்சு அழகு பாக்க எந்தத் தடையும் இல்ல. டோல்கேட்டுல ‘ஆர்மி’ன்னு சொல்லிப் பாக்கலாமான்னு ஒரு நெனப்பு உள்ள ஓடுது பாரு, அது ஆவாது.

கத்துக்கணும்னா துட்டு குடுக்கறதுக்கு முன்ன கண்ணுக்கு வேலை குடு. மெட்ராசுல கோட்டைக்குள்ள மியூசியம் இருக்குது, 1948ல தெறந்தது. பழைய உடுப்பு, மெடலு, ஆயுதம்னு கண்ணாடிக்குள்ள அசலு இருக்குது. நூறு தடவ அசலப் பாத்தவனுக்குப் போலி தன்னால உறுத்தும். அப்பறம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. ஒரு காலத்துல மாடு வித்த எடம், இப்ப கெடியாரத்துலேருந்து கதவு வரைக்கும் பழசெல்லாம் கெடக்கும். வெறுங்கையோட நாலு வாரம் போயி எல்லாத்தையும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு வா. ஒரே நாள்ல ரெண்டையும் முடிச்சிடலாம்னு கணக்குப் போடாத, மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு. பல்லாவரத்துக்குப் பக்கத்துலயே பரங்கிமலை ஆபீசர் பயிற்சிக் கூடம், 1963லேருந்து இருக்குது. பயிற்சி முடிஞ்ச அன்னைக்கு அப்பனும் ஆத்தாளும் வந்து புள்ள தோள்ல ஸ்டாரு குத்துவாங்க. அந்த ஆத்தா கை நடுங்கறத ஒரு தடவ போட்டோலயாவது பாத்தவன் கோட்டுல குத்த ஸ்டாரு வாங்க மாட்டான். சரி, சரி, அது உன் இஷ்டம்.

எது கெடைச்சாலும் தேய்க்காத, அது மட்டும் கேட்டுக்க. புளி, எலுமிச்சம்பழம், பிராசோ, எதுவும் வேணாம். ஸ்டோர்ல இருந்தப்போ தேய்க்காதவன நான் திட்டுவன். இப்பத் தேய்க்கறவனத் திட்டறன். 60 வருஷத்துக் கறைய அஞ்சு நிமிசத்துல கழுவிட்டா அப்பறம் அது போன வாரத்துப் பித்தளை.

ஆச்சி, முடிஞ்சுது. 7,000 ரூபாய்க்குப் பாடம், காலேஜ் பீசவிடக் கம்மிதான். போயித் தூங்கு.

ஆங், அந்தக் கொசுறு. அத இங்கயே வச்சுட்டுப் போ. உனக்கு எதுக்கு? கறுத்துப் போயி, முனையெல்லாம் தேஞ்சு உள்ள பித்தளை தெரியுது. நடுவுல இன்னாமோ மூணு பொட்டு, சுத்தி எறும்பு ஊர்ந்த மாதிரி கிறுக்கலு. கோட்டுல குத்தினாலும் அசிங்கமாத்தான் இருக்கும். என் பேரன் வெளையாட ஏதாவது வேணும்னு கேட்டுக்கினு இருந்தான். சும்மா வேணாம், இந்த மாசம் உன் கரண்டு பில்லு நான் கட்டிக்கறன். பத்தாதா? சரி, தண்ணிக் காசும் வேணாம். வாடகையும் 5ஆம் தேதி வேணாம், 15க்குத் தா. ஒரு கெழவன் ஆசையாக் கேக்கறன், இதுல யோசிக்க இன்னா இருக்குது?

டேய். வெர்னியர எதுக்குடா எடுக்கற?

டேய், அத எதுக்குடா திருப்பற?